மடிநோய் திரும்பத் திரும்ப வருது, மாட்ட வித்துரணுமா?

திருவட்டாறுக்காரன்:
வணக்கம். நாலு ஜெர்சி கிராஸ் நிக்குது, கைக்கறவதான். கன்னு போட்டு ரெண்டு மாசம் ஆன செவலைக்கு முன்பக்க வலது காம்பு வீங்கி கல்லு மாதிரி ஆச்சு, பால்ல திரி திரியா வந்திச்சு. டாக்டர் அஞ்சு நாள் ஊசி எழுதினாரு, ரெண்டு நாள்ல பால் தெளிஞ்சதும் நிறுத்திட்டோம். பன்னெண்டாம் நாள் மறுபடியும் அதே காம்பு. நேரம் ஒம்பது லிட்டர் கறந்தது இப்ப அஞ்சு. மழையில தொழுத்து காயவே மாட்டேங்குது. மொத பீச்ச தரையில பீச்சிட்டுதான் கறப்போம். நல்ல மாடு, விக்க மனசில்ல, வழி சொல்லுங்க.

குலசேகரம் பால்பண்ண:
தம்பி, அஞ்சு நாள் சொன்னா அஞ்சு நாள் போடணும். பால் தெளிஞ்சிட்டா கிருமி போயிட்டுன்னு அர்த்தம் இல்ல, சில கிருமி மடிக்க உள்ள பதுங்கி நின்னு பிறகு கிளம்பும். அடுத்த மருந்துக்கு முன்னால பால் சாம்பிள் குடுத்து எந்த மருந்து கேக்கும்னு பாருங்க. தரையில பீச்சறத இன்னைக்கே விடுங்க, நோய அடுத்த மாட்டுக்கு நீங்களே பரத்துற மாதிரி அது. கறுத்த சிரட்டையில பீச்சினா திரி பளிச்சுன்னு தெரியும், அத தொழுத்துக்கு வெளிய தூரமா கொட்டிருங்க. செவலைய கடைசியில கறங்க. கறந்ததும் நாலு காம்பையும் போவிடோன் அயோடின் கலவையில முக்கி உடனே புல்லு போடுங்க, காம்புத் துவாரம் மூட அரைமணி ஒருமணி ஆகும், அதுவர மாடு நின்னுகிட்டே தின்னணும், ஈரத்தரையில படுத்துச்சுன்னா எல்லாம் வீணு. நான் ரப்பர் மேட் போட்டும் மழைக்காலத்துல ரெண்டு நேரமும் கழுவி துடைச்சிதான் விடுதேன்.

கருங்கல் அக்கா:
கால்நடை பல்கலைக்கழகத்துல சொல்லிக்குடுத்தது எனக்க வீட்டுல கேட்டுச்சு. சோத்துக்கத்தாழ 250 கிராம், மஞ்சப்பொடி 50, சுண்ணாம்பு 15, தண்ணி விடாம அரைச்சா செவப்பா வரும். மடிய நல்லா கழுவி, ஒரு கை எடுத்து தண்ணி கலந்து மடி பூரா, ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவ, அஞ்சு நாள். ஆனா மாடு காய்ச்சல் அடிச்சு தீனி எடுக்காம நின்னா இத நம்பி இருக்காதீங்க, கால்நடை ஆம்புலன்ஸ் 1962க்கு போன் பண்ணுங்க. ஊசி போட்ட பால் சொசைட்டிக்கு ஊத்தாதீங்க, எத்தன நாள்னு டாக்டர்ட்ட கேளுங்க, பச்சப்பிள்ளைக குடிக்கிற பாலு.

குலசேகரம் பால்பண்ண:
ஒண்ணு விட்டுட்டேன். மத்த மூணையும் சிஎம்டி பாத்திரச் சொல்லுங்க, பால்ல மருந்து ஊத்தி திரண்டா மடிநோய்னு காட்டுற டெஸ்ட் அது. மடி வீங்காம பால் மட்டும் கொறையிறதுதான் மோசம், கண்ணுக்கு தெரியாது.

திருவட்டாறுக்காரன்:
ரொம்ப நன்றிண்ணே, அக்கா. டாக்டர் வந்து காம்பு காம்பா தட்டுல பால எடுத்து அதே அளவு மருந்து ஊத்தி சுத்தினாரு. செவலை கொழகொழன்னு திரண்டுச்சு, அது தெரிஞ்சதுதான். கறுப்பிக்க பின்பக்க இடது காம்பும் திரண்டுச்சு! காலையிலதான் அந்தப் பால வீட்டுக்கு காச்சினோம், சாதாரணமா இருந்திச்சு. ஒரு மாசமா பால் கொறையிறது தீவனம் பத்தாமன்னு நெனச்சு புண்ணாக்கு கூட்டிப் போட்டுகிட்டிருந்தேன். ரெண்டுக்கும் சாம்பிள் எடுத்திட்டு போயிருக்காரு, ரிசல்ட் வந்ததும் சொல்லுதேன். செவலைய விக்கல.