பொருள்: ஸ்குவெல்ச் – தமிழில் என்ன? திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது

அம்மாபேட்டை, வியாழன் இரவு

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஹாம் வானொலி (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ஒருவரோடொருவர் பேசும் வானொலி) வகுப்பு எடுக்கிறேன். 12 வயது நிறைந்தால் உரிமத் தேர்வு எழுதலாம் என்பதால் ஏழாம் வகுப்பிலிருந்து பதினான்கு பேர் வருகிறார்கள். பாடக்குறிப்பைச் சிறு நூலாக்கத் திங்கட்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். அதிர்வெண், பண்பேற்றம், ஊர்தி அலை எல்லாவற்றுக்கும் பாடநூலிலேயே சொல் இருக்கிறது. ஸ்குவெல்ச் மட்டும் இடிக்கிறது.

தெரியாதவர்களுக்கு: வாக்கி டாக்கியை 145 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் யாரும் பேசாத நேரத்தில் 'உஸ்ஸ்' என்று இரைந்துகொண்டே இருக்கும். ஸ்குவெல்ச் குமிழைத் திருப்பினால் ஓரிடத்தில் இரைச்சல் சட்டென்று நிற்கும். அங்கிருந்து ஒரு மயிரிழை தள்ளி விட்டுவிட வேண்டும். யாராவது பேசினால் தானே திறக்கும். பேச்சு முடிந்ததும் மூடிக்கொள்ளும். அதிகமாகத் திருப்பினால் தூரத்து நலிந்த குரல்களும் வெளியே நின்றுவிடும். என் வீட்டுக்கு இருபுறமும் விசைத்தறி. தறி ஓடும்போது குமிழ் ஓரிடம், மின்சாரம் போனால் வேறிடம்.

சொல் கொடுங்கள். தொனி ஸ்குவெல்ச் என்று ஒன்றும் உண்டு. கூட்டுச்சொல்லுக்கும் இடம்கொடுக்க வேண்டும்.

ஆத்தூர், வெள்ளி காலை

தம்பிக்கு வாழ்த்துகள். ஆங்கிலச் சொல்லே ஒலிக்குறிப்பு. சேற்றில் மிதித்தால் எழும் 'சதக்'. அதை மொழிபெயர்க்க வேண்டாம், செயலைப் பாருங்கள். ஒன்றை அடங்கச் செய்வது அவித்தல். விளக்கை அவிப்போம், புலனை அவிப்போம். ஐந்தவித்தான் என்று வள்ளுவர் வாய்மொழியே இருக்கிறது. நெல்லை அவிப்பதும் இதே வேரா என்பது சுவையான கேள்வி. வேகவைத்த நெல் முளைக்காது, அதன் உயிர் அடங்கிவிடுகிறது. அவை என்ற சொல்லையும் இங்கே கொண்டுவரலாம் என்று எனக்கொரு ஐயம், அதைத் தனி மடலில் எழுதுகிறேன். என் பரிந்துரை: இரைச்சலவிப்பி.

ஏற்காடு, வெள்ளி முற்பகல்

ஐயா, இரைச்சலவிப்பியை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் என் தோட்டத்துக் காபி ஒரு கிலோ அனுப்புகிறேன்.

ஸ்குவெல்ச் ஸ்குவெல்ச்சாகவே இருக்கட்டும். சேலத்திலிருந்து மலையேறும்போது கையில் பெட்டியை வைத்துப் பாருங்கள். அடிவாரத்தில் மூடிக் கிடப்பது இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வளைவுக்கு வளைவு திறந்துகொண்டே வரும். இங்கிருந்து சமவெளி சுமார் 1,200 மீட்டர் கீழே. கணக்குப்படி ரேடியோ அடிவானம் 140 கிலோமீட்டர் தள்ளி. அத்தனை தூரத்துக் குரலும் வந்து விழும்போது மலையில் இருப்பவன் கீழே இருப்பவனிடம் 'ஸ்குவெல்ச்சை இறக்கு' என்கிறான், அவன் இறக்குகிறான். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்துத் தொலைபேசி அறுந்தபோது போர்ட் பிளேயரிலிருந்து செய்தி சொன்னவர்களும் ஹாம்கள்தான். அவசரத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே சொல் வேண்டும்.

மேட்டூர், வெள்ளி மாலை

பொதுப்பணித்துறையில் ஏரி, வாய்க்கால் என்று முப்பது ஆண்டுகள் போயின. இந்தக் குமிழின் வேலையைப் படித்ததும் சிரிப்பு வந்தது. நம் ஏரியில் இருக்கிறதே, கலிங்கு! குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே நீர் நின்றால் ஒரு சொட்டு வெளியேறாது. மட்டம் தாண்டினால் யாரையும் கேட்காமல் வழியும். பழைய கலிங்குகளில் வரிசையாகக் கல் நட்டிருப்பார்கள். இடையில் பலகையோ மண்ணோ அடைத்து மட்டத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அதுதான் உங்கள் குமிழ். வெள்ளைக்காரப் பொறியாளர்கள் இதற்குத் தங்கள் மொழியில் சொல் தேடவில்லை, 'காலிங்குலா' என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஏற்காடு, வெள்ளி மாலை

பார்த்தீர்களா, அவர்கள் மொழிபெயர்க்கவில்லை. நாம் மட்டும் ஏன்?

ஆத்தூர், வெள்ளி இரவு

அவர்களும் தங்கள் நாக்குக்கு வளைத்துத்தான் எடுத்தார்கள். வடசொல்லுக்கே வடவெழுத்தை நீக்கித்தான் தொல்காப்பியர் இடம்கொடுத்தார். ஸ்குவெல்ச் முதலிலும் மெய், முடிவிலும் வல்லின மெய். வளைத்தால் 'சுகுவெல்ச்சு'. மலையிலிருந்து அதைக் கூவுங்கள், கேட்கிறேன்.

கலிங்கு நல்ல சொல். ஆனால் எங்கள் பக்கம் ஏரி கோடி போனது என்போம். கோடி என்றால் கடைசி. தெருக்கோடி, புடவைக் கோடி.

வவுனியா, வெள்ளி இரவு

வணக்கம். எங்கள் வன்னியில் குளம் வான் பாயும். மழைக்காலத்தில் வான்கதவு திறந்தார்கள் என்று பத்திரிகையில் வரும். வானொலிக்கு வான்கதவு என்றால் பொருத்தம் இரட்டிப்பு அல்லவா?

அம்மாபேட்டை, சனி காலை

வான்கதவு அழகு, அண்ணா. ஆனால் இங்கே பிள்ளைகள் ஆகாயத்துக்குக் கதவு என்றுதான் படிப்பார்கள். கலிங்கைச் சொன்னேன், பதினான்கு பேரில் இரண்டு பேர் கேள்விப்பட்டிருந்தார்கள், இருவரும் வாழப்பாடிப் பக்கம். ஒரு பெண் கேட்காமலே 'உஷ் குமிழ்' என்றாள். உஸ்ஸென்று இரைவதை உஷ் என்று அடக்குகிறதாம். வகுப்பு முழுவதும் பிடித்துக்கொண்டது. ஆனால் 'தொனி உஷ்' என்று அச்சடித்தால் பெற்றோர் வந்து நிற்பார்கள்.

அஸ்தம்பட்டி, சனி மதியம்

மின்னணுவியல் கற்பிக்கிறேன். இதுவரை வாய் திறக்கவில்லை, இப்போது பொறுக்க முடியவில்லை. கலிங்கு, கோடி, வான் மூன்றும் நிரம்பினால் வழிபவை. பண்பலை வாங்கியில் பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. பேச்சுக்கு மேலே உள்ள அதிர்வெண்களில் இரைச்சல் எவ்வளவு என்று சுற்று அளந்துகொண்டே இருக்கிறது. பேச்சைச் சுமக்கும் ஊர்தி அலை வந்ததும் அந்த இரைச்சல் அமுங்குகிறது, அமுங்கினால் திறக்கிறது. அதாவது வற்றினால் திறக்கும் கலிங்கு! தொனி வகையோ மட்டத்தையே பார்ப்பதில்லை. 67 ஹெர்ட்ஸ் முதல் 254 ஹெர்ட்ஸ் வரையில் ஒரு மெல்லிய தொனி குரலுடன் வந்தால்தான் திறக்கும். அது கடவுச்சொல் மாதிரி.

எதனால் திறக்கிறது என்பதைச் சொல்லுக்குள் திணிக்காதீர்கள். திறந்து மூடுகிறது என்பது போதும். மடை என்றால் என்ன குறை?

மேட்டூர், சனி மாலை

அம்மா சொல்வது சரிதான். ஆனால் மடையை ஆள் போய்த் திறக்க வேண்டும். தானே திறப்பதுதானே இதன் சிறப்பு?

ஆத்தூர், சனி மாலை

மடை மிக நன்று. மடை திறந்தாற்போலப் பேசினான் என்கிறோமே, பேச்சு அதன் வழியாக வருவதற்கு வழக்கே சான்று. மடைப்பள்ளியின் மடை வேறு, அது சோறு. மடையன் என்றால் பழைய பொருள் சமையற்காரன். முட்டாள் என்னும் மடையன் மடம் என்பதிலிருந்து வந்தவன். வெள்ளத்தில் மூழ்கி மடை திறந்த வீரனே மடையன் என்று ஒரு கதை சுற்றுகிறது, யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம், ஏற்கெனவே பத்து முறை வந்துவிட்டது. மடைக்கும் அடைக்கும் உள்ள உறவை எடுத்துக்கொண்டால்...

ஏற்காடு, சனி இரவு

ஐயா, நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் மற்றொன்று விரித்தல் எத்தனையாவது?

ஆத்தூர், சனி இரவு

எட்டாவது. மூன்றாவதான கூறியது கூறலை நீங்கள் வெள்ளிக்கிழமையிலிருந்து செய்துவருகிறீர்கள்.

அம்மாபேட்டை, ஞாயிறு காலை

சண்டை வேண்டாம். 'இரைச்சல் மடை' என்று போடுகிறேன். அதில் கூட்டுச்சொல்லாகத் தொனி மடை. வினைக்கு மடை திறந்தது, மடை மூடியது, மடையை ஏற்று, இறக்கு. காலை ஏழு மணிக்கு உள்ளூர் நண்பர்களுடன் பேசும்போது சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேர் சிரித்தார்கள், ஒருவர் மறுநிமிடமே பயன்படுத்தினார்.

மேட்டூர், ஞாயிறு முற்பகல்

நீர்மடை நீரை விடுகிறது. அப்படியானால் இரைச்சல் மடை இரைச்சலை விடுவது. நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

ஆத்தூர், ஞாயிறு முற்பகல்

அது தொகையின் இயல்பு. மீன்வலை மீனைப் பிடிக்கும். கொசுவலை கொசுவைப் பிடிக்கவா கட்டுகிறோம்? இரைச்சலைத் தடுக்கும் மடை, உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இரைச்சல் கொசு மாதிரி என்று வகுப்பில் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி, ஞாயிறு மதியம்

கொசுவலை எடுத்துக்காட்டை நூலிலேயே சேர்த்துவிடுங்கள். சொல்லைவிட அது தெளிவாக இருக்கிறது.

அம்மாபேட்டை, ஞாயிறு இரவு

சேர்த்துவிட்டேன். ஆறாம் பாடத்தில் 'இரைச்சல் மடை, கடையில் கேட்கும்போது ஸ்குவெல்ச்' என்று ஒருமுறை, பிறகு எல்லா இடத்திலும் மடை. மேட்டூர் ஐயாவுக்காகக் கலிங்கின் கோட்டுப்படம் ஒன்றை எதிர்ப்பக்கத்தில் வரைந்திருக்கிறேன். நிரம்பினால் திறப்பது, வற்றினால் திறப்பது இரண்டும் அம்புக்குறியோடு. காலை ஒன்பது மணிக்கு அச்சகம். இனி வரும் திருத்தம் இரண்டாம் பதிப்புக்கு.

மேட்டூர், ஞாயிறு இரவு

படத்துக்கு நன்றி. இரண்டாம் பதிப்பில் கலிங்கு.

ஏற்காடு, திங்கள் காலை

இங்கே மூடுபனி. உங்கள் குரல் தெளிவாக வருகிறது, ஸ்குவெல்ச் திறந்தே இருக்கிறது.