திருநீற்றுப்பச்சை தளதளன்னு இருக்கு, மணம்தான் இல்லை

சப்ஜா_தட்டு
செயற்கை விளக்கடியில் திருநீற்றுப்பச்சை வளர்க்கிறேன். சிவப்பு-நீலப் பட்டை விளக்கு, 30 செ.மீ. உயரம், 16 மணி நேர டைமர், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்). எல்லாரும் வைக்கிற அமைப்புதான். 35ஆம் நாள் இலை உள்ளங்கை அகலம். கிள்ளி முகர்ந்தால் புல் வாடை! அதே பாக்கெட் விதை மொட்டைமாடியில் கட்டைவிரல் அளவு இலைதான் விட்டது, ஆனால் தொட்ட கை சாயங்காலம் வரை மணத்தது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் மாடி இலையின் எண்ணெய்ப் பைகள் பனித்துளி மாதிரி உப்பி மினுங்குகின்றன. விளக்கடி இலையில் அதே பைகள் சப்பிக் கிடக்கின்றன. மணமில்லாத பச்சிலையை யார் வாங்குவார்கள்?

நீலஒளி
யூ.வி.-பி (புற ஊதாக் கதிரில் ஒரு வகை) இல்லை, அதான். 280 முதல் 315 நானோமீட்டர் வரை உள்ள கதிர். இலையில் யூ.வி.ஆர்.8 என்ற புரதம் அதை உணர்ந்தால் ஃபீனால் வகைச் சேர்மங்கள் வேகம் பிடிக்கும். திருநீற்றுப்பச்சையின் எண்ணெய்ப் பை சரியாக நிரம்பவும் அது வேண்டும். சாதாரண வளர்ப்பு விளக்கில் அது கிடையாது. ‘யூ.வி.’ என்று எழுதி விற்கும் ஊதாப் பட்டைகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெட்டியைத் திருப்பினால் 395 அல்லது 405 என்று இருக்கும். யூ.வி.ஆர்.8 அதைச் சட்டை செய்யாது.

ஓணான், ஆமை வளர்ப்பவர்கள் வாங்கும் யூ.வி.-பி குழல் விளக்கு போதும். அறுவடைக்கு முந்தைய ஒரு வாரம், 45 செ.மீ. உயரத்தில். முதல் நாள் 15 நிமிடம், போகப் போக ஒரு மணி நேரம். இலை வெண்கல நிறமாகிச் சுருண்டால் அளவு மீறிவிட்டது என்று பொருள். நடுவில் கண்ணாடியோ அக்ரிலிக் தகடோ இருந்தால் கதிர் செடிக்கே போகாது. எரியும்போது யாரும் எட்டிப் பார்க்காதபடி டைமரில் போடுங்கள், உங்கள் கண்ணுக்குப் பாலிகார்பனேட் மூக்குக்கண்ணாடி கட்டாயம்.

லொல்லோ_ரோஸோ
எண்ணெய் பற்றித் தெரியாது. நிறம் போன கதை ஒன்று உண்டு. 660 நானோமீட்டர் சிவப்பு மட்டும் போட்ட அலமாரியில் சிவப்பு லெட்டூஸ் முட்டைக்கோஸ் பச்சையில் வந்தது. பக்கத்து அடுக்கில் வெள்ளை விளக்கு, அதே ரகம், ஓரமெல்லாம் ஒயின் நிறம். ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி ஊற நீலம் வேண்டும், 450 பக்கம். 730 தூரச்சிவப்பு கூடினால், நிழலில் இருக்கிறோம் என்று நினைத்து இலை நீண்டு இன்னும் வெளிறும். விண்வெளியில் செடி வளர்க்கும் நாசாவின் ‘வெஜ்ஜி’ பெட்டியிலும் சிவப்போடு நீலமும் பச்சையும் உண்டு. 2015 ஆகஸ்டில் விண்வெளி நிலையத்தில் சாப்பிட்டது அதில் விளைந்த சிவப்பு ரோமைன் லெட்டூஸ்தான்.

மைக்ரோமோல்
நீலஒளி அண்ணே, ஓணான் விளக்குக்கு ஓடும் முன் வெளிச்சத்தை அளக்கச் சொல்லியிருக்கலாம். பட்டினி கிடக்கிற செடிக்கு டானிக் எதற்கு? யூ.வி.ஆர்.8 உண்மைதான், ஆனால் எண்ணெய்க்கு வேண்டிய கார்பன் ஒளிச்சேர்க்கையிலிருந்துதான் வர வேண்டும்.

வெள்ளை எல்.இ.டி. என்றால் லக்ஸ் மீட்டர் (வெளிச்சமானி) காட்டும் எண்ணை 70ஆல் வகுங்கள். 12,000 லக்ஸ் என்றால் சுமார் 170 மைக்ரோமோல் (சதுர மீட்டரில் நொடிக்கு விழும் ஒளித்துகள் கணக்கு). அதை 16 மணி நேரத்தாலும் 0.0036ஆலும் பெருக்கினால் நாளுக்கு 9.8 மோல். திருநீற்றுப்பச்சைக்கு 12 முதல் 15 வரை தேவை. சிவப்பு-நீல விளக்கில் லக்ஸ் மீட்டரை நம்பவே கூடாது. அது நம் கண் மாதிரி பச்சைக்குத்தான் மதிப்புக் கொடுக்கும், 450, 660 இரண்டையும் குறைத்துக் காட்டும். தட்டின் நடுவில் மட்டும் அளக்காமல் நான்கு மூலையிலும் வையுங்கள். மூலையில் பாதிதான் இருக்கும், மணமும் அங்கேதான் முதலில் குறையும்.

நீலத்தைக் கூட்டு என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. 60 கிராம் செடியில் கிராமுக்கு 1 மி.கி. சேர்மம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 60 மி.கி. நீலம் கூடி இலை சிறுத்து 40 கிராம் ஆகி, கிராமுக்கு 1.3 ஆனால் மொத்தம் 52. அடர்த்தி கூடியது, சரக்கு குறைந்தது. சட்னிக்கு அடர்த்தி போதும், எண்ணெய் வடிக்கிறவருக்கு நஷ்டம். அதனால் வளரும்வரை வெள்ளை, கடைசி 5 நாள் மட்டும் நீலம் கூட்டுவதே லாபம்.

கீரைக்கட்டு
கடைசி நாள் என்றதும் ஞாபகம் வருகிறது. லெட்டூஸை அறுக்கும் முன் 24 முதல் 48 மணி நேரம் விளக்கை அணைக்காமல் விட்டால் இலையில் நைட்ரேட் இறங்கும், வைட்டமின் சி ஏறும். இதையே தக்காளி நாற்றுக்கும் நீட்டித்த அலமாரியில் ஒரே வாரத்தில் இலையெல்லாம் மஞ்சள் திட்டு. தக்காளிக்கு இருட்டு வேண்டும்.

சப்ஜா_தட்டு
அளந்தாயிற்று. வாடகைக்கு எடுத்த குவாண்டம் மீட்டரில் (செடிக்கான ஒளியை நேரடியாக அளப்பது) நடுவில் 140 மைக்ரோமோல், மூலையில் 65. மைக்ரோமோல் சொன்னதுதான். யூ.வி.-பி பிறகு.

ஊதாவெளிச்சம்
மீட்டரை வைத்த கையோடு இலையைத் திருப்பிப் பாருங்கள், அதுவும் வெள்ளை டார்ச்சில். ஊதா விளக்கில் மஞ்சள் தெரியாது. ஒரு தட்டில் விளக்கை அணைத்த பிறகுதான் நரம்புக்கு நடுவே மஞ்சளும் அடியில் சாம்பல் பூத்ததும் தெரிந்தது: அடிச்சாம்பல் நோய். பூஞ்சை மாதிரியான அந்தக் கிருமி இருட்டிலும் ஈரத்திலும்தான் வித்து விடும். விளக்கு அணையும் 8 மணி நேரமும் மின்விசிறி ஓடட்டும், தண்ணீர் காலையில் மட்டும்.