கொச்சியில் கப்பல் ஒரு பகல் நிற்கிறது: அம்மாவும் அத்தையும் தாங்களாகவே ஊருக்குள் போய் வர முடியுமா?

கொழிஞ்சாம்பாறைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவும் அத்தையும் (அப்பாவின் அக்கா) சீட்டுப் பணம் எடுத்து, மும்பையிலிருந்து கிளம்பும் ஒரு சொகுசுக் கப்பலில் போகிறார்கள். இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. கப்பல் ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கொச்சி வருகிறது, மாலை ஆறுக்கு லட்சத்தீவுக்குக் கிளம்புகிறது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறினால் மூன்று நான்கு மணி நேரத்தில் போகிற கொச்சியை, மும்பை சுற்றிக் கடல் வழியாகப் போய்ப் பார்க்கப் போகிறார்கள். கேட்டால், "கப்பலில் போய் இறங்குவதும் பஸ்ஸில் போய் இறங்குவதும் ஒன்றா?" என்கிறார் அத்தை.

கப்பல்காரர்களே நடத்தும் டூர் தலைக்கு நாலாயிரத்துச் சொச்சம் கேட்கிறது. நாமே போய்க்கொள்கிறோம், நமக்கு மலையாளம் தெரியாதா என்று இரண்டு பேரும் ஒரே பிடிவாதம். எனக்கு அன்றைக்குத் திருப்பூரில் வேலை, லீவு கிடைக்காது. அம்மாவுக்கு எர்ணாகுளத்தப்பன் கோயில், அத்தைக்கு மட்டாஞ்சேரி அரண்மனையில் இருக்கிற ராமாயண ஓவியம். அத்தைக்கு முட்டி வலி உண்டு. துறைமுகத்திலிருந்து எப்படிப் போவது, எதில் ஏறக்கூடாது, எத்தனை மணிக்குத் திரும்பினால் நிம்மதி? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சித்தூர் சித்தப்பா:

அம்மணி, நாலாயிரம் போனால் போகட்டும், கப்பல் டூரிலேயே அனுப்பிவிடு. அவர்கள் பஸ் லேட்டானால் கப்பல் காத்திருக்கும். நம் ஆட்டோ லேட்டானால் காத்திருக்காது. வயசானவர்கள் விஷயத்தில் விஷப்பரீட்சை வேண்டாம்.

தோப்பும்படிவாசி:

நான் மீனாட்சிபுரத்துக்காரன். பிழைப்பு வில்லிங்டன் தீவில், சரக்கு கிளியரிங் ஆபீஸில். தினமும் துறைமுக கேட் வழியாகத்தான் போக்குவரத்து, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சித்தப்பா சொன்னது தப்பில்லை. ஆனால் மலையாளம் பேசத் தெரிந்த இரண்டு பேர், பட்டப்பகல், கொச்சி. இதில் பயம் திருடனைப் பற்றி இல்லை. நேரத்தைப் பற்றியும் கமிஷன் கடைகளைப் பற்றியும்தான்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். கப்பல் வந்து நிற்கிற சாகரிகா டெர்மினல் எர்ணாகுளத்திலும் இல்லை, ஃபோர்ட் கொச்சியிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் வில்லிங்டன் தீவில் இருக்கிறது. பிரிஸ்டோ என்ற வெள்ளைக்கார எஞ்சினியர் காலத்தில், காயலை (உப்பங்கழியை) ஆழமாக்கத் தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவு. 2011ல் கண்டெய்னர் வேலையெல்லாம் வல்லார்பாடத்துக்குப் போனபின் இங்கே பல தெருக்களில் ஆள் நடமாட்டமே இல்லை. மேப்பில் பார்த்தால் ஜெட்டி (படகுத்துறை) பக்கத்தில் இருக்கிற மாதிரித் தெரியும். அதை நம்பி அந்த வெயிலில் முட்டி வலியோடு நடக்க வேண்டாம். வழியில் ஒதுங்க ஒரு பெட்டிக்கடைகூடக் கிடைக்காது.

வெளியே வந்ததும் டாக்சி, ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். எல்லோரும் மோசமில்லை. "சேச்சி, ஃபோர்ட் கொச்சி முழுசும் சுற்றிக்காட்ட நூறு ரூபாய் போதும்" என்று ஒருவர் சொன்னால் மட்டும் அவரை விட்டுவிடுங்கள். டீசல் விலைக்கே கட்டாத தொகை அது. மிச்சம் எங்கிருந்து வருகிறது? கடைக்காரரிடமிருந்து. எங்கள் ஆபீஸுக்கு வந்த ஒரு குடும்பத்தை இப்படித்தான் கம்பளக் கடை, மசாலாக் கடை, மறுபடி ஒரு கம்பளக் கடை என்று அலைக்கழித்தார்கள். ஃபோர்ட் கொச்சிக் கரையில் இருக்கிற பெரிய சீன மீன்வலையைப் பார்க்கும்போது மணி இரண்டு. யாரும் எதையும் பிடுங்கவில்லை, பகல் மட்டும் போய்விட்டது.

மீட்டர் கணக்கு தெரிந்திருந்தால் பேசத் தெம்பு வரும். 2022ல் உயர்த்தியபடி முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 15. தீவிலிருந்து தோப்பும்படி சுற்றி ஃபோர்ட் கொச்சி எட்டு ஒன்பது கிலோமீட்டர், நூற்றைம்பதை ஒட்டி வரும். எர்ணாகுளம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. கப்பல் நாளில் மீட்டர் போட மாட்டார்கள். இருநூறு, இருநூற்றைம்பது என்றால் ஏறுங்கள், எழுநூறு என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். ஊபர் மாதிரி ஆப் வண்டிகளும் உண்டு. துறைமுக வளாகத்துக்குள் நின்று புக் செய்யாமல், கேட்டுக்கு வெளியே ரோட்டுக்கு வந்து புக் செய்தால் டிரைவர் தேடி அலைய மாட்டார்.

அப்புறம் வரிசை. இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். கோயில் முதலில். நம் பக்கக் கோயில்கள் மாதிரிதான், பதினொரு மணி வாக்கில் நடை சாத்தினால் மாலைதான் திறக்கும். ஃபோர்ட் கொச்சி போய்விட்டு மதியம் வந்தால் பூட்டிய கதவைத்தான் கும்பிட வேண்டும். ஆகவே ஒன்பதுக்குள் இறங்கி, நேரே ஆட்டோவில் வெண்டுருத்தி பாலம் வழியாக எர்ணாகுளத்தப்பன். அந்தப் பாலத்துப் பக்கம் கடற்படைத் தளம், போட்டோ எடுக்க வேண்டாம்.

தரிசனம் முடித்து இன்னொரு ஆட்டோவில் ஹைகோர்ட் ஜெட்டி. அங்கே வாட்டர் மெட்ரோ என்கிற படகு சர்வீஸில் ஏறி ஃபோர்ட் கொச்சி, டிக்கெட் 40 ரூபாய். இறங்கினால் சீன வலை கண்ணெதிரே. செயின்ட் பிரான்சிஸ் சர்ச்சும் கிட்டத்தில்தான். வாஸ்கோ ட காமாவை 1524ல் முதலில் புதைத்த இடம், பின்னால் எலும்பைப் போர்ச்சுக்கலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிறகு சின்ன ஆட்டோ சவாரியில் மட்டாஞ்சேரி அரண்மனை. வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை, உங்களுக்குச் சனி என்பதால் பிரச்சினை இல்லை. ஆனால் பக்கத்தில் இருக்கிற யூதர் கோயில் சனிக்கிழமை மூடியிருக்கும். "திறந்திருக்கு, கூட்டிப் போறேன்" என்று யாராவது சொன்னால் அவர் கூட்டிப் போவது கடைக்கு.

பழைய கப்பல்காரன்:

குளச்சல் பக்கம் ஊர். பயணிக் கப்பலில் சமையல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தோப்பும்படி தம்பி கரையைச் சொல்லிவிட்டார், நான் கப்பலைச் சொல்கிறேன்.

ஆறு மணிக்குக் கிளம்பும் என்றால் ஐந்து, ஐந்தரைக்குள் எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு நேரம் போட்டிருப்பார்கள். முந்தின இரவு அறைக்கு வரும் தாளில் அது இருக்கும். அதே தாளில் துறைமுக ஏஜென்ட் போன் நம்பரும் இருக்கும். அந்தத் தாளை அறையில் வைத்துவிட்டு இறங்குகிறவர்கள்தான் பாதிப்பேர். அம்மாவின் போனில் அதைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தாமதமாகும் என்று தெரிந்த உடனே ஏஜென்டுக்குக் கூப்பிட வேண்டும், கப்பல் போன பிறகு இல்லை.

கப்பலில் கொடுக்கும் அடையாள கார்டும் ஆதாரும் கையில் இல்லாமல் இறங்கக் கூடாது. திரும்பும்போது கேட்டில் இருக்கும் காவலர்கள் இரண்டையும் கேட்பார்கள். தினசரி மாத்திரை, கொஞ்சம் ரொக்கம், போன் சார்ஜர் கைப்பையில் இருக்கட்டும். நடுக்கடலில் போனை ஃபிளைட் மோடில் வைக்கச் சொல்லுங்கள். கப்பல் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டால் பில் தனியாக வரும். கொச்சி வந்ததும் நம்ம சிம் தானாக வேலை செய்யும்.

ஒரு விஷயத்தில் உங்கள் வீட்டார் அதிர்ஷ்டசாலிகள். கப்பலை விட்டுவிட்டால் மற்றவர்கள் ஹோட்டல் தேடணும். இவர்கள் எர்ணாகுளம் ஜங்ஷனில் பாலக்காடு வண்டி ஏறி ராத்திரிக்கு வீட்டில் படுத்துக்கொள்ளலாம். பெட்டி மட்டும் லட்சத்தீவு பார்த்துவிட்டு வரும்.

கொழிஞ்சாம்பாறைக்காரி:

பெட்டி விஷயத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன், சிரித்துவிட்டு உடனே தாளை போட்டோ எடுப்பது எப்படி என்று பழக ஆரம்பித்துவிட்டார். மிக்க நன்றி அண்ணா.

ஒரு சந்தேகம். அம்மாவுக்குப் போட் என்றாலே பயம். 2015ல் ஃபோர்ட் கொச்சியில் போட் மோதி 11 பேர் இறந்தது இன்னும் மனதில் இருக்கிறது. ரோட்டிலேயே போய்விடலாமே என்கிறார். அத்தைக்கும் போட்டில் ஏறி இறங்க முட்டி ஒத்துழைக்குமா தெரியவில்லை.

தோப்பும்படிவாசி:

அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அன்றைக்கு மோதியது மீன்பிடிப் படகு, மூழ்கியது எதிர்க்கரை வைப்பினிலிருந்து வந்த பழைய போட். வாட்டர் மெட்ரோ வேறு ரகம். கொச்சி ஷிப்யார்டில் கட்டிய பேட்டரி படகு, நூறு பேர்தான் கணக்கு. மெட்ரோ ரயில் ஸ்டேஷன் மாதிரி கேட்டில் டிக்கெட் காட்டித்தான் உள்ளே விடுகிறார்கள், நூறு ஆனதும் அடுத்த போட்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஜெட்டியே தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்கும் மிதவை. அதனால் படகுத் தளமும் ஜெட்டித் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டம், அத்தை படி ஏற வேண்டியதில்லை. சர்க்கார் போட் பத்து ரூபாய்க்குள் முடியும், ஆனால் நெரிசலும் உயரமான படியும் உண்டு. அதை இவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.

போகும்போது ரோடு என்றால் சரி. திரும்பும்போது ரோடு என்றால் யோசியுங்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் தோப்பும்படி சந்திப்பில் ஒரு லாரி கோணலாக நின்றால் போதும், அரை மணி நேரம் காலி. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரியிலும் வில்லிங்டன் தீவிலும் வாட்டர் மெட்ரோ ஜெட்டி திறந்துவிட்டார்கள். அரண்மனைக்குள் நுழையும் முன்பே மட்டாஞ்சேரி ஜெட்டியில் திரும்பும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசி போட்டை நம்பாமல் அதற்கு முந்தியதில் ஏறட்டும். தீவு ஜெட்டியிலிருந்து டெர்மினலுக்கு ஆட்டோ. நான்கு மணிக்குத் தீவில் இருந்தால் எந்தக் கவலையும் இல்லை. அரண்மனையில் இரண்டு மணி ஆகிவிட்டது என்றால் மீதியை விட்டுவிட வேண்டியதுதான், அத்தை எவ்வளவு கெஞ்சினாலும்.

ஏதாவது தொந்தரவு என்றால் 112. அரண்மனைப் பக்கமே டூரிஸ்ட் போலீஸ் ஸ்டேஷனும் இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறைக்காரி:

அப்படியே ஏற்பாடு செய்துவிட்டேன் அண்ணா. ரோட்டில் போய் தண்ணீரில் திரும்புவதற்கு அம்மா ஒப்புக்கொண்டார். கடைசியாக அத்தை ஒன்று கேட்கச் சொன்னார்: கோயிலுக்குப் போன நாளில் மீன் வேண்டாமாம், மட்டாஞ்சேரியில் சைவம் கிடைக்குமா?

தோப்பும்படிவாசி:

தாராளமாக. அரண்மனையிலிருந்து குஜராத்தி ரோடு என்று சொன்னால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார். பல தலைமுறைக்கு முன் வியாபாரத்துக்கு வந்த குஜராத்திகள் இருக்கிற தெரு, சுத்த சைவம் கிடைக்கும். ஆனால் ஒன்றரைக்குள் சாப்பிட்டு முடிக்கச் சொல்லுங்கள்.