புதுப்பிப்பு: சிப்பிப்பாறையா, கோம்பையா? முடிவெடுத்தாச்சு

தேவிபட்டினம் பக்கம் கடலோர வீடு, வயசான அப்பா அம்மா, ஸ்கூல் போற பிள்ளைகள், கொல்லையில ஆடு கோழி. இதுக்கு சிப்பிப்பாறை, கோம்பைங்கிற ரெண்டு நாட்டு நாய் இனத்துல எது சரிவரும்னு முன்னாடி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கோம்பைக் குட்டி வந்தாச்சு.

சிப்பிப்பாறை மேல ஆசை இன்னும் போகல. அந்த ஓட்டமே தனி அழகு! ஆனா அது கண்ணால பார்த்துத் துரத்துற முயல் வேட்டை நாய். இங்க சீமைக்கருவேலங்காட்டுல முயலும் மயிலும் உண்டு. வேலி தாண்டி ஓட ஆரம்பிச்சா கூப்பிட்டு நிறுத்துறது பெரும்பாடு. முயலைப் பிடிச்சா 1972 வன உயிரினச் சட்டப்படி குற்றம் வேற. தினமும் ஓடவிட ஆளும் வேணும், அப்பாவால ஆகாது.

கோம்பை தேனி மாவட்டத்து நாய். செவலை உடம்பு, கறுத்த மூஞ்சி, குட்டை முடி. நம்ம வெயிலுக்குத் தோது. காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்த்த இனம்னாலும் காவலுக்குப் பேர்போனது. குட்டியிலேயே ஆட்டோட பழக்கச் சொன்னீங்க. கயித்துல பிடிச்சபடி தொழுவத்துப் பக்கமே சோறு வைக்கிறோம், நல்லா ஒட்டிக்குது. பார்வோ (குட்டிகளுக்கு வர்ற வைரஸ் வயித்துப்போக்கு நோய்) ஊசி போட்டாச்சு, வெறிநோய் ஊசி மூணு மாசம் ஆனதும்.

வாங்கப்போறவங்க தாய் நாயையும் தகப்பன் நாயையும் நேர்ல பார்த்துட்டே வாங்குங்க. கலப்புக் குட்டியைக் கோம்பைனு விக்கிறவங்க இருக்காங்க.