டெக்சஸில் கணக்கில் ஒரு வருடம் தாண்ட சிபிஇ பரீட்சை: மகள் பயப்படுகிறாள், எழுத வைக்கலாமா?

கேள்வி (பிளேனோ பக்கம், புதிதாக வந்தவர்):

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து ஜனவரியில் இங்கே வந்தோம். மகள் அங்கே சிபிஎஸ்இ ஒன்பதாவது பாதியில் இருந்தாள். இங்கே ஒன்பதாம் கிரேடில் சேர்த்து அல்ஜீப்ரா 1 கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு அது சுலபமாக இருக்கிறது, 95க்குக் குறையாமல் வாங்குகிறாள். ஆனால் எங்கள் அபார்ட்மெண்டில் நம் ஊர்ப் பிள்ளைகள் ஒன்பதாவதிலேயே ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2 என்று போகிறார்கள். கோடை லீவில் ஜியாமெட்ரிக்கு சிபிஇ (Credit by Examination, வகுப்பில் உட்காராமல் பரீட்சை மட்டும் எழுதி அந்தப் பாடத்தை முடித்ததாகக் கிரெடிட் வாங்குவது) எழுதி பாஸானால் பத்தாவதில் நேராக அல்ஜீப்ரா 2 உட்காரலாம் என்றார்கள். ஆன்லைன் டியூஷனிலும் சேர்த்துவிட்டோம். இப்போது அவளுக்கு அடிக்கடி வயிற்று வலி, ராத்திரி தூக்கமில்லை. "ஃபெயிலானா இங்க எல்லாருக்கும் தெரிஞ்சிடும்மா" என்று அழுகிறாள். எழுதித்தான் பார்க்கட்டுமே என்கிறார் அவள் அப்பா. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

சிஸ்டர், முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சிபிஇ எழுதாமலேயே உங்கள் மகள் பன்னிரண்டாவதில் கால்குலஸ் படிக்க முடியும். டெக்சஸ் பாடத்திட்டத்தில் ஜியாமெட்ரி எடுப்பதற்கு அல்ஜீப்ரா 1 முடித்திருக்க வேண்டும். அல்ஜீப்ரா 2 எடுப்பதற்கும் அதே அல்ஜீப்ரா 1 போதும், ஜியாமெட்ரி தேவையில்லை. அதனால் பத்தாவதில் இரண்டையும் ஒரே வருடத்தில் சேர்த்து எடுக்கலாம். பல பள்ளிகளில் இது வழக்கம்தான். ஒரு எலெக்டிவ் (விருப்பப்) பாடத்தை விட வேண்டியிருக்கும். அப்புறம் பதினொன்றில் ப்ரீகால்குலஸ், பன்னிரண்டில் ஏபி (கல்லூரி அளவிலான) கால்குலஸ். பள்ளி கவுன்சிலரிடம் (பாடத் தேர்வுக்கு வழிகாட்டுபவர்) போய், "பத்தாவதில் ஜியாமெட்ரியும் அல்ஜீப்ரா 2-வும் சேர்த்து எடுக்க முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள். இன்றைக்கே இதை உங்கள் மகளிடமும் சொல்லிவிடுங்கள். இந்தப் பரீட்சையை விட்டால் வேறு வழியே இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாதி வயிற்று வலி அதில்தான் இருக்கும்.

இனி பரீட்சையின் விதிகள். அக்கம்பக்கத்தில் இதை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். வகுப்பில் படிக்காத பாடத்துக்கு சிபிஇ எழுதி கிரெடிட் வாங்க 80 சதவீதம் வேண்டும். (வகுப்பில் படித்து கிரெடிட் கிடைக்காமல் போனவர்களுக்கு 70. அது வேறு வகை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஒரு பாடத்துக்கு இரண்டு முறைதான் எழுதலாம். அந்தப் பாடத்தை வழக்கமாக எடுக்க வேண்டிய கல்வியாண்டு தொடங்குவதற்குள் 80 வரவில்லை என்றால் வகுப்பில் உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும். காலாண்டுக்கு ஒரு முறையாவது தேதி கொடுப்பார்கள், பள்ளி மாவட்டம் (உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) நடத்தும் பரீட்சைக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் பெயர் கொடுக்கும் கடைசி நாள் பரீட்சைக்குப் பல வாரம் முன்பே முடிந்துவிடும். பெரும்பாலான இடங்களில் டெக்சஸ் டெக் அல்லது ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் தயாரித்த தாள்தான் வரும். ஒரு வருடப் பாடத்தை இரண்டு செமஸ்டராகப் பிரித்து, ஏ ஒரு தாள், பி ஒரு தாள் என்று வைப்பார்கள். பாஸானால் மார்க் டிரான்ஸ்கிரிப்ட்டில் (பள்ளியின் மதிப்பெண் பதிவில்) ஏறும்.

நம் ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் மாட்டிக்கொள்வது எங்கே என்றால், அங்கே கணக்கு ஒரே புத்தகம், எல்லாம் கலந்து வரும். ஒன்பதாவதில் முக்கோண சர்வசமம், நாற்கரம், வட்டம் படித்திருப்பாள். வடிவொத்த முக்கோணம், திரிகோணமிதி, தொடுகோடு எல்லாம் பத்தாவதில்தான் வரும், அதற்குள் நீங்கள் விமானம் ஏறிவிட்டீர்கள். டெக்சஸ் ஜியாமெட்ரியில் இவை எல்லாமே உண்டு. அதோடு அங்கே அவ்வளவாகத் தொடாத பகுதிகளும் உண்டு: உருவத்தைச் சுழற்றுவது, பிரதிபலிப்பது, பெரிதாக்குவது என்று டிரான்ஸ்ஃபர்மேஷன் ஒரு பெரிய பகுதி. பிராபபிலிட்டியும் ஜியாமெட்ரிக்குள்ளேயே வருகிறது, கண்டிஷனல் பிராபபிலிட்டி உட்பட. ரேடியனும் எட்டிப்பார்க்கும். அல்ஜீப்ரா 1-இல் 95 வாங்குகிறவள் ஜியாமெட்ரியில் 80 வாங்கிவிடுவாள் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டும் வேறு பாடம்.

இன்னொன்று, இங்கே ஸ்டெப் மார்க் கிடையாது. பெரும்பாலும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். முறை முழுக்கச் சரியாகப் போட்டு கடைசி வரியில் மைனஸ் குறியை விட்டால் சிபிஎஸ்இயில் அரை மார்க் போகும், இங்கே முழு மார்க்கும் போய்விடும். இது தெரியாமல் போய் உட்காரும் நல்ல மாணவிக்குத்தான் அடி பலமாக விழுகிறது, வெளியே வந்து "எல்லாம் தெரிஞ்ச கேள்விதான்" என்பாள். அளவுகள் அடியும் அங்குலமுமாக வரும். இவை எல்லாம் பழகினால் வந்துவிடும். ஆனால் எட்டு வாரத்தில், புது நாட்டில், தூக்கமில்லாமல் பழக வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

பயத்தைப் பற்றி. கணக்கு போடும்போது இடைக்கால எண்களையும் அடுத்த படியையும் மனதில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பயம் வந்தால் அந்த இடத்தை அது எடுத்துக்கொள்கிறது. வீட்டில் போட்ட கணக்கு ஹாலில் வராமல் போவது இதனால்தான், அது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. பரீட்சைக்குப் பத்து நிமிடம் முன் மனதில் உள்ள கவலையைத் தாளில் எழுதினால் மார்க் கூடுகிறது என்று 2011-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்து பிரபலமானது. 2018-இல் வேறொரு குழு அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எழுதச் சொல்வதில் நஷ்டமில்லை, ஆனால் அதையே மருந்தாக நம்ப வேண்டாம். என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயம் நிஜமாகவே குறைகிறது. எந்த அறை, கம்ப்யூட்டரா தாளா, கால்குலேட்டர் உண்டா, எத்தனை மணி நேரம், நடுவில் பாத்ரூம் போகலாமா, எல்லாவற்றையும் ஒரு இமெயிலில் கேட்டு அவளிடம் காட்டுங்கள். கேள்விகளை அவளே எழுதட்டும்.

சரி, எழுதுவதா வேண்டாமா? நான் செய்வது இதுதான்: ஒரு சனிக்கிழமை காலை, எந்தத் தயாரிப்பும் இல்லாமல், கான் அகாடமியில் ஜியாமெட்ரிக்கு மொத்தமாக உள்ள கோர்ஸ் சேலஞ்சைப் போடச் சொல்லுங்கள். இலவசம்தான். பாதிக்குக் கீழே வந்தால் இந்த வருடம் பேச்சே வேண்டாம், டியூஷனை நிறுத்திவிடுங்கள். 70க்கு மேல் வந்து அவளுக்கும் ஆசை இருந்தால் தொடரலாம். பரீட்சை நெருங்கும்போது வீட்டில் 90 வராவிட்டால் அனுப்பாதீர்கள், ஹாலில் எப்படியும் கொஞ்சம் குறையும். இந்த எண்கள் என் சொந்தக் கணிப்பு, எந்த விதியிலும் இல்லை. நடுவில் வந்தால்? அவளையே கேளுங்கள், அவள் சொல்வதை நிஜமாகவே ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தால் மட்டும்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றிங்க. இரண்டையும் சேர்த்து எடுக்கலாம் என்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. கவுன்சிலரிடம் அப்பாயின்ட்மெண்ட் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர் (வீட்டுக்காரர்), ரேங்க் போய்விடும், யூடி ஆஸ்டின் கிடைக்காது என்கிறார்.

பதில்:

அண்ணன் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. டெக்சஸில் பள்ளிக்குள் ரேங்க் பெரிய விஷயம்தான், யூடி ஆஸ்டின் 2026 இலையுதிர் காலச் சேர்க்கை முதல் பள்ளி ரேங்க்கில் மேல் 5 சதவீதத்தில் வருகிறவர்களுக்குத்தான் தானாக இடம் தருகிறது. ஆனால் அந்த ரேங்க் ஜிபிஏவில் (எல்லாப் பாடங்களின் சராசரி மதிப்பெண்) இருந்து வருகிறது. சிபிஇ மார்க்கை ஜிபிஏவில் சேர்ப்பதா இல்லையா என்பது ஒவ்வொரு பள்ளி மாவட்டத்தின் விதி. வகுப்பில் ஆனர்ஸ் (கொஞ்சம் கடினமான மட்டத்து) ஜியாமெட்ரி எடுத்து 97 வாங்கினால் கூடுதல் வெயிட் கிடைக்கும் இடத்தில், சிபிஇயில் 81 வாங்கித் தாண்டுவது ரேங்க்குக்கு உதவாமலேகூடப் போகலாம். கவுன்சிலர் சந்திப்புக்கு அவரையும் அழைத்துப் போங்கள். நீங்கள் கேட்டு வந்து சொல்வதைவிட அவரே கேட்பது நல்லது.

வயிற்று வலியும் தூக்கமின்மையும் டியூஷனை நிறுத்திய பிறகும் தொடர்ந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பரீட்சை ஒரு சாக்காக இருக்கலாம். தோழிகளை விட்டுவிட்டு வருட நடுவில் வந்த பதினான்கு வயதுப் பெண், அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கணக்கின் மேல் போட்டு அழலாம். பதற்ற நோய் என்று டாக்டர் உறுதி செய்தால் 504 பிளான் (உடல், மன நலச் சிரமம் உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி செய்து தரும் ஏற்பாடு) கேட்கலாம். பரீட்சையில் கூடுதல் நேரம், தனி அறை போன்ற வசதிகளைப் பள்ளி எழுத்தில் தரும். அதைக் கேட்க நம் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள், ஏதோ பெயர் கெட்டுவிடும் என்று. கேளுங்கள்.

இன்னொருவர் (சான் ஹோசே):

படிக்கிறவர்கள் கவனிக்க, மேலே சொன்னது டெக்சஸுக்கு மட்டும். கலிபோர்னியாவில் இந்த 80 மார்க் சிபிஇ விதி கிடையாது. இங்கே 2015-இல் வந்த கணிதச் சேர்க்கைச் சட்டப்படி ஒன்பதாவது பிள்ளையை எந்தக் கணக்கில் போடுவது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகோல் வைத்திருக்க வேண்டும். பள்ளி தொடங்கி முதல் மாதத்துக்குள் அதை ஒருமுறை சரிபார்க்கவும் வேண்டும். புதிதாக வந்தவர்கள் அந்த முதல் மாதத்திலேயே இந்திய மார்க் ஷீட்டையும் பாடப்புத்தகத்தின் பொருளடக்கத்தையும் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

கேள்வி கேட்டவர்:

கடைசியாக ஒன்று. பையன் ஐந்தாவது. அவனுக்கும் இப்போதே ஏதாவது பரீட்சை எழுத வைக்க வேண்டுமா?

பதில்:

வேண்டாம் சிஸ்டர். 2023-இல் வந்த டெக்சஸ் சட்டப்படி, ஐந்தாவது ஸ்டார் (STAAR, டெக்சஸ் மாநிலத் தேர்வு) கணக்குத் தேர்வில் மேல் 40 சதவீதத்தில் வரும் பிள்ளைகளை ஆறாவதில் அட்வான்ஸ்டு கணக்கில் பள்ளியே தானாகச் சேர்க்கும். அவன் ஸ்டார் எழுதிவிட்டானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வருட நடுவில் வந்ததால் எழுதாமல் விட்டிருந்தால், பள்ளி மாவட்டம் வேறு எந்த மதிப்பீட்டைப் பார்க்கும் என்று அதே சந்திப்பில் கேட்டுவிடுங்கள்.