நெஞ்சுக் கவச பனியன் போட்டால் போதுமா?

தோபாயோ_குமார்: பேஸ்பால் ஆடும் பிள்ளைகளுக்காக நெஞ்சுக் கவச பனியன் குரூப் பை (எல்லோரும் சேர்ந்து மொத்தமாக வாங்குவது) போடுகிறோம். மாட்டிவிட்டால் பந்து நெஞ்சில் பட்டாலும் பயமே வேண்டாம்.

காலாங்_கேட்சர்: பயமே வேண்டாமா? நெஞ்சில் அடிபட்டு இதயத் துடிப்பு குலைவதற்கு கமோஷியோ கார்டிஸ் என்று பெயர். அதில் எலும்பு உடையாது, இதயம் கிழியாது. ஈசிஜியில் டி அலை (இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராவதைக் காட்டும் மேடு) உச்சிக்குச் சற்று முன், 10–30 மில்லிசெகண்ட் இடைவெளியில் இதயத்துக்கு நேரே அடி விழுந்தால் துடிப்பு தாறுமாறாகி ஆள் சரிவார். பன்றிக்குட்டிச் சோதனையில் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில்தான் அதிகம் நடந்தது. வெறும் ஃபோம் பனியன் அதைத் தடுக்காது. நாக்சே என்டி200 முத்திரை (இந்த ஆபத்துக்கென்றே உள்ள நெஞ்சுக் காப்புத் தர முத்திரை) இருக்கிறதா? படம் போடுங்கள்.

தோபாயோ_குமார்: 64-ஐத் தாண்டினால் ஆபத்து இல்லையா? அப்போ 120-ல வீசச் சொல்லுங்க சார் 😂

காலாங்_கேட்சர்: தாண்டினால் துடிப்புக் கோளாறு குறையும், இதயத்தசை நசுங்குவது கூடும். 64 பிள்ளைகள் வீசுகிற வேகம், அதுதான் விஷயம். முத்திரை எங்கே?

செங்காங்_மீனா: பனியனை விடுங்கள், பந்தை மாற்றுங்கள். ஆர்ஐஎஃப் (காயம் குறைக்கும் அளவு) 1, 5, 10 என்று மென்மையான பேஸ்பால் பந்து வருகிறது. எண் குறைந்தால் மென்மை. மென்மையான பந்து ஆபத்தைக் குறைக்கும், அறவே போக்காது. அதோடு "நெஞ்சால தடு" என்கிற பயிற்சியை நிறுத்துங்கள். பந்து உடம்புக்கு வந்தால் பேட்டர் முன்தோளை உள்ளே மடக்கி முதுகைக் காட்ட வேண்டும்.

பூன்லே_ராஜா: கிரிக்கெட் பந்து இதைவிடக் கனம். நாங்க என்ன பஞ்சா வெச்சு ஆடறோம்?

காலாங்_கேட்சர்: ராஜா, போன மாதம் ஹெல்மெட் திரியிலும் இதே பாட்டுதான். கிரிக்கெட்டிலும் நெஞ்சுக் காப்பு உண்டு. எல்லோரும் கேளுங்கள்: அடிபட்டவர் சரிந்தால் "மூச்சு முட்டிருச்சு, தண்ணி குடு" என்று நிற்காதீர்கள். விட்டுவிட்டு இழுக்கும் மூச்சு மூச்சே அல்ல. நம்ம சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண் 995 அழைத்து ஸ்பீக்கரில் போடுங்கள், நெஞ்சு நடுவில் நிமிடத்துக்கு 100–120 அழுத்தம், பெரியவருக்கு 5 செ.மீ. ஆழம். இன்னொருவர் ஏஇடி (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி) எடுத்து வரட்டும். வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்குகளின் கீழ்த்தளத்தில் தேடலாம். வியர்வையைத் துடைத்து, ஏஇடியின் ஒட்டுப் பட்டைகளில் ஒன்று வலது காறையெலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே. தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7–10 சதவீதம் சரியும்.

பூன்லே_ராஜா: பாடம் முடிஞ்சுதா வாத்தியாரே?

தோபாயோ_குமார்: பன்றியை வைத்து அளந்த 64 பிள்ளைக்கு எப்படிப் பொருந்தும்?

காலாங்_கேட்சர்: பிள்ளையை நிறுத்தி அளக்கச் சொல்கிறீர்களா? முத்திரை படம் இன்னும் வரவில்லை. கமிஷன் எவ்வளவு?

தோபாயோ_குமார்: நாக்கை அடக்கிப் பேசுங்க. ஆர்டர் வெள்ளிக்கிழமை மூடுது.