தீபத்துக்கு வாக்கி டாக்கி தூக்கிட்டு போறது உருப்படியான ஐடியாவா?

வேலூர்_கார்த்தி:
மக்களே ஒரு சந்தேகம். இந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு குடும்பத்தோட திருவண்ணாமலை போறோம், மொத்தம் 11 பேர், அதுல ரெண்டு பொடிசு, நாலு பெரியவங்க. போன தடவை கோயில் பக்கத்துல கூட்டத்துல சித்தப்பா தனியா பிரிஞ்சிட்டாரு. போன் அடிச்சா ரிங்கே போகல, வாட்ஸ்அப்ல ஒத்த டிக்கோட அப்படியே நிக்குது, கடைசியா ராத்திரி பஸ் ஸ்டாண்டுலதான் ஆளைப் பிடிச்சோம். அதான் இந்த தடவை நாலு வாக்கி டாக்கி வாங்கிடலாம்னு பாக்குறேன், ஆன்லைன்ல 8 கிலோமீட்டர் ரேஞ்ச்னு போட்டு ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. மச்சான் என்னடான்னா மால் செக்யூரிட்டி மாதிரி திரியப் போறியான்னு கலாய்க்கிறான். யூஸ் பண்ணவங்க இருந்தா சொல்லுங்க.

தேரடி_தெரு:
உங்க மச்சான் கட்சிதான் நானும். நான் உள்ளூர்க்காரன், சொல்றேன் கேளுங்க. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், நடுவுல 2668 அடிக்கு மலை நிக்குது. உங்க சித்தப்பா தெற்கால எம லிங்கத்துகிட்ட நிப்பாரு, நீங்க வடக்கால குபேர லிங்கத்துகிட்ட இருப்பீங்க, அந்தப் பாறையை ஊடுருவிட்டு எந்த வாக்கி டாக்கி பேசும்? 8 கிலோமீட்டர்னு போட்டவன் பொட்டல் காட்டுல நின்னு அளந்திருப்பான். எட்டு லிங்கம் எதுக்கு இருக்கு, ஒவ்வொரு லிங்கத்துலயும் நின்னு தலைய எண்ணிட்டு கிளம்புங்க, காசு மிச்சம்.

காவேரிக்கரை:
தேரடி சார், நீங்க சொல்றது முழுசா பிரிஞ்சு போனவங்க கதை. நடைமுறையில ஆள் பிரியறது 14 கிலோமீட்டர் தூரத்துல இல்ல, 50 அடி தூரத்துல! ஸ்ரீரங்கத்துல வைகுண்ட ஏகாதசிக்கு வருஷா வருஷம் போறவன் நான், பரமபத வாசல் தாண்டினதும் ஒரு தள்ளு தள்ளுவாங்க பாருங்க, பக்கத்துல இருந்த அம்மா எந்தப் பக்கம் போனாங்கன்னே தெரியாது, ஆனா அவங்க பத்தாவது ஆளுக்குப் பின்னாடிதான் நிப்பாங்க. அந்த நேரத்துல "மஞ்ச பேனர் கீழ நிக்கிறேன்"னு ஒரு வார்த்தை சொல்ல முடிஞ்சா போதும், வேலை முடிஞ்சது. அதுக்கு வாக்கி டாக்கிய மிஞ்ச ஒண்ணும் இல்ல, டயல் பண்ண வேணாம், டவர் வேணாம், பட்டன் அழுத்தினா நாலு பேருக்கும் ஒரே நேரத்துல கேக்கும். நாங்க ரெண்டு செட் வச்சிருக்கோம். அத வாங்கினதுக்கு அப்புறம் எங்க வீட்டுல யாரும் தொலையல.

சிக்னல்சாமி:
நான் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கா ரேடியோவுல பேசறது) லைசென்ஸ் உள்ளவன், அந்தக் கோணத்துல கொஞ்சம் சொல்லிக்கிறேன். கார்த்தி, நீங்க பாத்த செட் எந்த அலைவரிசைன்னு மொதல்ல பாருங்க. இந்தியாவுல லைசென்ஸ் இல்லாம பொதுஜனம் பேசறதுக்குன்னு 446.0-ல இருந்து 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரு சின்ன துண்டு ஒதுக்கியிருக்காங்க, 2018-ல வந்த விதி. பவர் அரை வாட்டுதான். அந்த செட்டுக்கும் டபிள்யூபிசி (அலைவரிசைய கவனிக்கிற மத்திய அரசு பிரிவு) கிட்ட இருந்து ஈடிஏங்கற அனுமதிச் சான்று இருக்கணும். இது எதுவும் இல்லாம செட்ட கண்டபடி வித்துட்டு இருந்தாங்கன்னுதான் 2025 மே மாசம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பெரிய ஆன்லைன் கடைகளுக்கெல்லாம் நோட்டீஸ் விட்டுச்சு, லிஸ்டிங்ல அலைவரிசையே போடாம வித்தாங்க நிறைய பேரு. அப்புறம் அந்த 8 கிலோமீட்டர்... அரை வாட்டு செட் ஊருக்குள்ள சில நூறு மீட்டர் தாண்டினாலே நல்ல நாள்னு வச்சுக்கோங்க. இங்க கட்டடம் மட்டும் இல்ல, மனுஷ உடம்பே அலைய உறிஞ்சும், லட்சக்கணக்குல ஆள் நெருக்கி நிக்கிற இடத்துல இடுப்புல மாட்டிகிட்டு பேசினா பக்கத்து தெருவுக்கே போகாது. தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சா கொஞ்சம் தேவலை.

அன்னதான_அண்ணாச்சி:
எய்யா சிக்னல்சாமி, சட்டம் எல்லாம் சரிதான். நாங்க தென்காசிப் பக்கத்துல இருந்து வருஷா வருஷம் தீபத்துக்கு வந்து பந்தல் போட்டு அன்னதானம் போடுதோம். சாம்பார் தீந்துபோச்சு, தண்ணி லாரி எங்க நிக்கி, எல கட்டு எங்க கெடக்கு, இதெல்லாம் போன்ல கேக்க முடியுமா? அன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு மேல போன் வெறும் டார்ச் லைட்டுதான். எங்ககிட்ட இருக்கது 5 வாட் சீனா செட்டு, பந்தல்ல இருந்து லாரி நிக்க எடம் வரைக்கும் கணீர்னு கேக்கும். இது வரைக்கும் ஒருத்தனும் வந்து லைசென்ஸ் எங்கன்னு கேட்டது இல்ல. ஊருக்கு சோறு போடுதவன்ட்ட போய் எந்தப் போலீஸ்காரர் கேப்பாரு?

சிக்னல்சாமி:
அண்ணாச்சி, நீங்க செய்யறது பெரிய சேவை, அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா கேக்கல, பிடிக்கலங்கறதால அது சரியாகிடாது. அந்த சீனா செட்டுல 136-ல இருந்து 174 வரைக்கும், அப்புறம் 400-க்கு மேலயும் எந்த நம்பரை அடிச்சாலும் அது பேசும், யாரோட வரிசைன்னு அதுக்குத் தெரியாது. அந்த எல்லைக்குள்ளதான் போலீஸ், ஃபயர் சர்வீஸ்னு எல்லாரும் இருக்காங்க. உங்க பந்தல்ல ஒரு பையன் விளையாட்டா நம்பரை மாத்தி பட்டனை அழுத்திகிட்டே நின்னான்னா அந்த சேனல்ல வேற யாரும் பேச முடியாது. எங்கயாவது நெரிசல்ல ஒருத்தர் விழுந்து கிடக்காரு, ஆம்புலன்ஸ் கூப்பிடணும், அந்த நேரத்துல குறுக்க "சாம்பார் வரல"ன்னு கேட்டா எப்படி இருக்கும்? எனக்கு பரீட்சை எழுதி வாங்கின லைசென்ஸ் இருக்கு, நானே என் செட்ட என் வீட்டம்மா கையில குடுத்து பேசச் சொல்ல முடியாது, அவங்களுக்கும் தனியா லைசென்ஸ் வேணும். அவ்வளவு கறார் இதுல. உங்க மாதிரி டீமுக்கு லைசென்ஸோட வாடகைக்கு செட் விடுறவங்க இருக்காங்க, அத எடுங்க.

அன்னதான_அண்ணாச்சி:
வாடகைக்கு எடுத்தா அந்தக் காசுல ரெண்டு மூட்டை அரிசி வரும்லா. நீங்க சொல்லுத பையன் எங்க பந்தல்ல கெடையாது, செட்டு பெரியாளுக கையிலதான் இருக்கும், கீபேடை லாக் போட்டுத்தான் குடுப்போம்.

வேலூர்_கார்த்தி:
சாமி சார், அந்த 5 வாட் செட்டையே 446-ல வச்சு லோ பவர்ல பேசினா ஓகேவா? என் ஃப்ரெண்டுகிட்ட ஒரு ஜோடி சும்மா கெடக்கு.

சிக்னல்சாமி:
கிடையாது. அதுல லோ பவரே 1 வாட்டு, அனுமதி அரை வாட்டுக்குத்தான். ஆன்டெனாவ கழட்டி மாத்தற மாதிரி வேற இருக்கும். செட்டே அந்த வகையில அனுமதி வாங்கினதா இருக்கணும், நீங்க நம்பரை மட்டும் மாத்திட்டா அது 446 செட் ஆகிடாது.

ஓசூர்_தேவ்:
சிம் போட்ட வாக்கி டாக்கி இருக்கே ப்ரோ, இந்தியா முழுக்க ரேஞ்ச்னு வருது, அதை வாங்கிக்கலாமே? இல்லன்னா 865 மெகாஹெர்ட்ஸ் பேண்டுல லோரா போர்டு (கொஞ்ச பவர்ல ரொம்ப தூரம் குட்டி மெசேஜ் அனுப்பற ரேடியோ) வாங்கி மெஷ்டாஸ்டிக்ங்கற சாஃப்ட்வேர் போட்டுக்கோங்க, லைசென்ஸும் வேணாம். ஒரு போர்டுல இருந்து இன்னொரு போர்டுக்கு மெசேஜ் தாவித் தாவி போகும், மலைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் சுத்தி வர வழியில நம்ம ஆளுங்க போர்டோட இருந்தா போய்ச் சேரும். நானே ரெண்டு வச்சிருக்கேன், செம்மயா இருக்கு.

காவேரிக்கரை:
சிம் போட்டது மட்டும் வேணவே வேணாம்! அது உள்ளுக்குள்ள மொபைல் டேட்டாவுலதான் ஓடுது, அதே டவர், அதே நெரிசல். போன் செத்த எடத்துல அதுவும் சாகும். கடைக்காரங்க இதை மட்டும் சொல்லவே மாட்டாங்க. லோரா ஐடியா கேக்க நல்லாத்தான் இருக்கு தேவ், ஆனா 70 வயசு சித்தப்பா பாக்கெட்டுல சர்க்யூட் போர்டை வச்சு அதை ப்ளூடூத்துல போனோட கோத்து, அதுல மெசேஜ் டைப் பண்ணச் சொல்றீங்களா, அவர் அதுக்கு தொலைஞ்சே போயிடலாம்னு நினைப்பாரு.

ஓசூர்_தேவ்:
ஹாஹா சரி, சித்தப்பாவுக்கு வேணாம். ஆனா கார்த்தி கையில ஒண்ணு, மச்சான் கையில ஒண்ணு இருக்கலாம்ல. குரல் கேக்காத சத்தத்துல டெக்ஸ்ட் எவ்வளவோ மேல்.

நித்யா_கோவை:
சத்தம்னு ஒருத்தராச்சும் எடுத்தீங்களே, அத விட்டுட்டு எல்லாரும் வாட்டு வாட்டுன்னே பேசிட்டு இருக்கீங்க. நாங்க ஒரு தேர்த் திருவிழாவுக்கு செட் கொண்டு போனோமுங்க. மேளம் ஒரு பக்கம், மைக் செட் ஒரு பக்கம், அந்த டப்பாவுல இருந்து கரகரன்னு வர்ற சத்தத்துல என்ன சொல்றாங்கன்னே புரியல. இயர்போன் மாட்டினதுக்கு அப்புறம்தான் ஏதோ கேட்டுச்சு. இன்னொண்ணு, எங்க அத்தைக்கு எத்தனை வாட்டி சொல்லிக் குடுத்தும் பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடியே பேச ஆரம்பிச்சுடுவாங்க, பேசி முடிச்சும் கையை எடுக்க மாட்டாங்க. அவங்க அழுத்திட்டே இருந்தா நாம பதில் சொல்ல முடியாதுங்களே, ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். அழுத்தி ஒரு நொடி விட்டு பேசணும், இல்லீன்னா மொத வார்த்தை முழுங்கிடும். "கார்த்தி நான் கோயில் வாசல்ல இல்ல"ங்கறதுல முன்னாடியும் பின்னாடியும் வெட்டுப்பட்டு "கோயில் வாசல்ல"ன்னு மட்டும் கேட்டா என்ன பண்ணுவீங்க? ஊருக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு நாள் எல்லாரையும் பேச வச்சுப் பழக்குங்க. குழந்தைங்க கையில குடுக்கவே குடுக்காதீங்க. தீபத்தன்னைக்கு போலீஸே குழந்தைங்க கையில போன் நம்பர் எழுதின பட்டை கட்டி விடறாங்க, அதை மறக்காம கட்டிக்கோங்க.

தேரடி_தெரு:
அம்மா சொன்னது சரி. நான் திரும்பவும் அதேதான் சொல்றேன், மெஷின் இருந்தாலும் இல்லாட்டியும் திட்டம் வேணும். கிரிவலத்துல ஒரு வசதி இருக்கு, எல்லாரும் ஒரே திசையிலதான் நடக்கறாங்க, யாரும் எதிர்ல வர மாட்டாங்க. அதனால ஒருத்தர் காணோம்னா முன்னாடி இருப்பாரு இல்ல பின்னாடி இருப்பாரு, மூணாவது எடம் கிடையாது. "பிரிஞ்சா தேடாத, அடுத்த லிங்கம் வரைக்கும் நட, அங்க உக்காந்துக்கோ"ன்னு வீட்டுலயே சொல்லிக் கூட்டிட்டு வாங்க. இந்திர, அக்னி, எம, நிருதி, வருண, வாயு, குபேர, ஈசான்யம், வரிசையை பெரியவங்க உங்களை விட நல்லா சொல்லுவாங்க. கோபுர வாசலை மட்டும் சந்திக்கிற எடமா வைக்காதீங்க. ராஜகோபுரத்துகிட்ட நில்லுன்னு ஈஸியா சொல்லிடுவீங்க, அன்னைக்கு அங்க நிக்கவே விட மாட்டாங்க, தடுப்பு போட்டு தள்ளிகிட்டே இருப்பாங்க. கும்பமேளாவுல பாருங்க, 1946-ல இருந்து தொலைஞ்சவங்களை சேத்து வைக்கன்னே ராஜாராம் திவாரின்னு ஒருத்தர் முகாம் நடத்தினாரு, ஆரம்பத்துல தகரக் குழாய்ல பேரைக் கத்தித்தான் ஆளைச் சேத்திருக்காரு. எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு எடம் இருந்ததாலதான் அது நடந்துச்சு.

காவேரிக்கரை:
கும்பமேளா உதாரணம் எனக்குத்தான் சாதகம் சார், அவரும் சும்மா உக்காரல, குரலைத் தூரமாக் கொண்டு போக ஒரு குழாய் வேண்டியிருந்துச்சுல்ல. :) அடுத்த லிங்கம்ங்கறது நடக்கறப்போ சரி. மகா தீபம் ஏத்துற ஆறு மணிக்கு நடக்கவே முடியாம எல்லாரும் மலையைப் பாத்துகிட்டு அப்படியே நிப்பாங்களே, "அண்ணாமலையாருக்கு அரோகரா"ன்னு சத்தம் கெளம்பினதும் சுத்தி நிக்கிற மொத்த சனமும் ஒரு அடி முன்னாடி நகரும், அந்த ஒரு அடியிலதான் கையி விடும். அப்போ அடுத்த லிங்கத்துக்கு எப்படிப் போவாரு? அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு செட் இருந்தா பதட்டம் இல்லாம நிக்கலாம்.

தேரடி_தெரு:
அந்த அரை மணி நேரம் நின்ன எடத்துலயே நிக்கட்டும், யாரும் எங்கயும் போக முடியாது. கூட்டம் கலைஞ்சதும் லிங்கம். இதுக்கு 3000 ரூபா மெஷின் எதுக்கு?

சிக்னல்சாமி:
ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு விஷயம் விட்டுப் போச்சு. போன் வேலை செய்யாதுங்கறோம், முழுக்க செத்துப் போறது இல்ல. டவர் ஒரே நேரத்துல இத்தனை பேருக்குத்தான் வழி விட முடியும், கால் போட்டா அந்த நொடியே வழி கிடைக்கணும், இல்லன்னா கட். எஸ்எம்எஸ் அப்படி இல்ல, அந்தப் பக்கம் போன் கிடைக்கலன்னா கம்பெனி சென்டர்ல வச்சிருந்து மறுபடி மறுபடி அனுப்பிப் பாக்கும். வாட்ஸ்அப் ஒத்த டிக்ல நிக்கறப்போ பழைய எஸ்எம்எஸ் பத்து நிமிஷம் கழிச்சாவது போய்ச் சேர வாய்ப்பு உண்டு. திருவிழாவுக்குன்னு வண்டியில டவர் கொண்டாந்து நிறுத்துவாங்க, எல்லா கம்பெனிக்கும் ஒரே மாதிரி இருக்காது, அதனால குடும்பத்துல ரெண்டு மூணு கம்பெனி சிம் கலந்து இருக்கறது நல்லது. அப்புறம் 446 செட்ல மொத்தம் 16 சேனல், டப்பாவ பிரிச்சதும் எல்லாருது 1-லதான் இருக்கும், நீங்க 11, 12-னு எங்கயாவது போங்க. சேனலோட கோட் நம்பர்னு ஒண்ணு வைக்கலாம், அதப் போட்டா மத்தவங்க பேச்சு உங்களுக்குக் கேக்காது, அவ்வளவுதான். உங்க பேச்சு ரகசியம்னு நினைச்சுகிட்டு "அம்மா கழுத்துல அஞ்சு பவுனு, பாத்துக்கோ"ன்னெல்லாம் அதுல சொல்லாதீங்க, எவன் வேணா கேப்பான்.

அன்னதான_அண்ணாச்சி:
அரை வாட்டுல எங்க லாரி வரைக்கும் கேக்காதுன்னா எங்களுக்கு அதால பிரயோசனம் இல்ல. குடும்பத்துக்கு வேணா சரியா இருக்கும்.

வேலூர்_கார்த்தி:
நாலு வேணாம், ரெண்டு போதும்னு தோணுது. ஒண்ணு முன்னாடி போற என்கிட்ட, இன்னொண்ணு பெரியவங்களோட பின்னாடி வர மச்சான்கிட்ட. சிரிச்சான்ல, அவன்தான் தூக்கிட்டு வரணும். லிங்கம் பிளானும் வச்சுக்கறேன் தேரடி சார், அப்பா வரிசையைக் கடகடன்னு சொல்லிட்டாரு, எனக்குத்தான் நிருதியும் வருணமும் மாறுது. சாமி சார், ஒரு லிங்க் மட்டும் போடுங்களேன்.

சிக்னல்சாமி:
லிங்க் போட மாட்டேன், நாளைக்கு அதே லிஸ்டிங்ல வேற செட்ட வச்சு விப்பாங்க. 446.0-446.2னு எழுதியிருக்கா, ஈடிஏ நம்பர் குடுத்திருக்கானா, ரெண்டையும் நீங்களே பாருங்க. நம்பர் இல்லாம வெறும் "அரசு அனுமதி பெற்றது"ன்னு போட்டிருந்தா தாண்டிப் போயிடுங்க.

காவேரிக்கரை:
வந்ததும் ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள வேலூர்ல சந்தைக்குள்ள கொண்டு போய் பேசிப் பாருங்க, மொட்டை மாடியில நின்னு பாத்துட்டு சூப்பர்னு சொல்லாதீங்க. இயர்போன் ஜாக் இருக்கான்னும் பாத்துக்கோங்க.